கண்ணாடிக் கூரை போட்ட ஜவுளிக்கடை: போய் வந்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மேற்கு மாம்பலத்திலிருந்து:

தி.நகரில் இடித்துப் புதிதாகக் கட்டித் திறந்திருக்கும் நாலு மாடி ஜவுளிக்கடை. பெயர் வேண்டாம், எதைச் சொல்கிறேன் என்று அந்தப் பக்கம் போய் வருகிறவர்களுக்குத் தெரியும். நடுவில் தரையிலிருந்து உச்சி வரை திறந்துவிட்டு மேலே முழுக்கக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். சித்தி மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க அம்மா, சித்தி, பெரியம்மா எல்லோரையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே போனோம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டுப்புடவை எடுக்கப் போனால் எந்தக் கடையிலும் நடக்கிற ஒன்று உங்களுக்குத் தெரியும். பிடித்த புடவையைக் கடைப் பையனோடு வாசல் வரை தூக்கிக்கொண்டு போய், தெருவில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க வெயிலில் விரித்து நிறம் பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே வந்து, அப்புறம் அடுத்த புடவைக்கும் அதையே செய்ய வேண்டும். இங்கே அந்த வேலையே இல்லை. மயில்கழுத்து நிறத்தில் ஒரு காஞ்சிபுரம் எடுத்துப் போட்டார் புடவை காட்டுகிறவர். பாவு, அதாவது நீளவாக்கு நூல், ஒரு நிறம், ஊடை, அதாவது குறுக்கு நூல், ஒரு நிறம் என்பதால் டியூப்லைட்டில் அது வெறும் நீலமாகத்தான் தெரியும். கண்ணாடிக்குக் கீழே அவர் முந்தானையை லேசாகச் சாய்த்ததும் மடிப்பு மடிப்பாகப் பச்சை எழும்பி வந்தது. சித்தி அதற்கு மேல் வேறு புடவை பார்க்கவில்லை.

சுற்றி இருந்தவர்கள் பேசியதையும் சொல்ல வேண்டும். உள்ளே நுழைகிற பெரியவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்கிற முதல் கேள்வி, "மழை வந்தா ஒழுகாதா?" என்பதுதான். குழந்தைகள் தரையிலேயே மல்லாந்து படுத்து மேகம் பார்க்கிறார்கள், எஸ்கலேட்டர் முனையில் செல்ஃபி கூட்டம் நகரவே மாட்டேன் என்கிறது. ஒருத்தர் கரண்ட் பில் மிச்சம் என்றார், அவர் மனைவி, "அது அப்படியே ஏசிக்குப் போயிடும்" என்றார். அந்த அம்மா சொன்னதுதான் சரி என்று பன்னிரண்டு மணி வாக்கில் தெரிந்தது. பட்டுப் பிரிவில் கட்டம் கட்டமாக விழுந்த வெயில் நகர்ந்து வந்து பில் போடும் இடத்தில் உட்கார்ந்துகொண்டது, வரிசையில் நின்றவர்கள் கடைப் பையையே தலைக்குப் பிடித்தார்கள்.

மூன்றாவது மாடியில் வேலை பார்க்கிறவர்:

அதே கடையில் சுடிதார் பிரிவில் இருக்கிறேன். நீங்கள் காலையில் கீழே பட்டுப் பிரிவில் பார்த்தது ஒரு கடை, மத்தியானம் மூன்றாவது மாடியில் நாங்கள் பார்ப்பது வேறு கடை. சூடான காற்று எல்லாம் மேலே வந்துதானே தங்கும்? கீழே ஏசி குளிரில் துப்பட்டாவைப் போர்த்திக்கொள்கிறவர்கள் எங்கள் மாடிக்கு வந்ததும், "அக்கா, இங்க நிக்க முடியல, கீழ கொண்டு வந்து காட்டுங்க" என்கிறார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களாவது அரை மணி நேரத்தில் போய்விடலாம்.

கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டம் வந்தது. எங்களுக்கும் ஸ்டூல் கொடுத்திருக்கிறார்கள், அதற்கு நன்றி. ஆனால் அதைப் போட்டிருக்கிற இடம் கைப்பிடிச் சுவர் ஓரம், பதினொன்றிலிருந்து இரண்டு வரை நேர் வெயில். ஸ்டூல் இருந்தும் தூணுக்குப் பின்னால் போய் நிற்கிறோம். பில் கம்ப்யூட்டர் திரையில் எழுத்தே தெரியாது, கையால் மறைத்து மறைத்துப் படிக்க வேண்டும். கைப்பிடி ஓரம் அடுக்கிய ரோஸ் நிறத் துணிகளில் வெளியே தெரிகிற மடிப்பு மட்டும் ஒரு கோடு போல வெளுத்துவிட்டது. பிரித்துக் காட்டினால் வாங்க வந்தவர்கள் பழைய சரக்கு என்று நினைக்கிறார்கள். இப்போது மத்தியானம் ஆனால் அடுக்கின் மேல் வேட்டித் துணி போர்த்திவிடுகிறோம்.

இதெல்லாம் சொன்னாலும் அந்தக் கண்ணாடியை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். முன்னே வேலை பார்த்த கடையில் காலை உள்ளே போனால் இரவு வெளியே வரும்வரை பகலா இருட்டா என்றே தெரியாது. இங்கே வானம் கறுத்தால் எங்களுக்குத் தெரிகிறது. முதல் மழை வந்த அன்று வாங்க வந்தவர்களும் நாங்களும் அப்படியே நின்று மேலே பார்த்தோம், சூப்பர்வைசர்கூட ஒன்றும் சொல்லவில்லை.

அம்பத்தூரிலிருந்து, கண்ணாடி வேலை செய்கிறவர்:

அக்கா சொன்ன சூட்டுக்குக் காரணம் இருக்கிறது. சென்னை பூமத்திய ரேகையிலிருந்து 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் மத்தியானச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும், கம்பத்துக்கு நிழலே விழாத நாள் அதுதான். நடுவில் இருக்கிற மாதங்களிலும் பெரிதாகச் சாயாது. சுவரில் ஜன்னல் வைத்தால் உச்சி வெயில் உள்ளே வராது, படுக்கையாகக் கூரையில் கண்ணாடி போட்டால் அத்தனையும் நேராக உள்ளே இறங்கும். அந்த வெளிச்சம் தரையிலும் துணியிலும் பட்டுச் சூடாக மாறிய பிறகு கண்ணாடி அதைத் திரும்ப வெளியே விடாது. 2003 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி அடித்த ஊர் இது. வெயில் சூட்டைக் குறைக்கிற சோலார் கன்ட்ரோல் பூச்சு உள்ள கண்ணாடி ஸ்ரீபெரும்புதூரிலேயே கிடைக்கிறது. செலவைக் குறைக்க ஓனர் முதலில் கை வைப்பது அந்தப் பூச்சில்தான்.

வடக்குப் பார்த்துச் சாய்த்து வை, வெயில் வராது என்று பலர் சொல்வார்கள். லண்டனுக்குச் சரி. நமக்கு ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை உச்சிச் சூரியனே வடக்குப் பக்கம் போய்விடுகிறது, அதனால் வடக்குக் கண்ணாடிக்கும் மேலே ஒரு தாழ்வாரம் நீட்ட வேண்டும்.

மழை ஒழுகுமா என்று கேட்ட பெரியவருக்கு: கண்ணாடி ஒழுகாது, ஜாயின்ட் ஒழுகும். ஜாயின்டை அடைக்கிற சிலிகான் பசை வெயிலில் காய்ந்து விளிம்பு விடும், அதனால் ஐப்பசிக்கு முன்னால் ஆள் மேலே ஏறி ஓரம் முழுக்க விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அப்புறம் தலைக்கு மேலே போடுவது லேமினேட்டட் கண்ணாடிதானா என்று கேளுங்கள். நடுவில் பிளாஸ்டிக் படலம் இருப்பதால் உடைந்தாலும் துண்டு கீழே விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் டஃபன்டு, அதாவது படலம் இல்லாமல் சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடி என்றால் நொறுங்கி மொத்தமாகக் கொட்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்து போனதைப் பார்த்தவர்கள் இந்த விஷயத்தில் காசு பார்க்கக் கூடாது. இன்னொன்று, போர் தண்ணீரில் கழுவாதீர்கள். உப்புத் திட்டுப் படிந்து ஒரே வருஷத்தில் பால் நிறமாகிவிடும், அப்புறம் நிறம் பார்ப்பதற்கென்று கண்ணாடி போட்டதில் அர்த்தமே இல்லை.

அண்ணா நகரிலிருந்து:

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நியூயார்க் பிராட்வேயில் 2009இல் திறந்த ஆப்பிள் கடையைப் பார்த்தேன், கூரை முழுக்கக் கண்ணாடி. ஜனவரி மாதம். வெளியே பனி, உள்ளே சாய்ந்து விழுகிற இளவெயில். வெயிலைத் தேடி வந்து நிற்கிறார்கள் ஜனங்கள். அங்கே டிசம்பரில் உச்சிச் சூரியன் 26 டிகிரி உயரம்தான் ஏறும், நமக்கு மார்கழியிலேயே 53க்கு மேல் என்று மருமகன் சொன்னார். அம்பத்தூர்த் தம்பி எழுதியதைப் படித்ததும் அது நினைவுக்கு வந்தது. அங்கே பொருந்துகிற கூரையைப் படத்தில் பார்த்து இங்கே அப்படியே தூக்கி வைத்தால் மூன்றாவது மாடிப் பெண்கள்தான் பாடுபட வேண்டும். வெளிச்சம் உள்ளே வர இங்கேயும் வழி தெரிந்துதான் இருந்தது. அண்ணா சாலையில் 1904இல் கட்டிய ஹிக்கின்பாதம்ஸில் உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களும் வைத்தார்கள், பகலில் அங்கே புத்தகம் புரட்டியவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது மாடியில் வேலை பார்க்கிறவர்:

அம்பத்தூர் அண்ணா எழுதியதை மேனேஜர் சாரிடம் போனில் காட்டினேன். முழுக்கப் படித்தார். பட்டுப் பிரிவுக்கு மேலே கை வைக்க முடியாது, நிறம் பார்க்கத்தான் ஜனங்கள் வருகிறார்கள் என்றார், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எங்கள் பக்கம் மட்டும் உள்ளே வெள்ளைத் துணித் திரை கட்டி, பதினொன்றுக்கு இழுத்து மூன்றுக்குத் திறப்பதாக முடிவாகியிருக்கிறது. பாதி கட்டியாகிவிட்டது, கட்டிய இடத்தில் வித்தியாசம் தெரிகிறது, மீதிக்குத் துணி வரவில்லை. ஸ்டூலை நாங்களே தூண் பக்கம் நகர்த்திக்கொண்டோம். வெளியிலிருந்து நிழல் கொடுத்தால்தான் சூடு நிஜமாகக் குறையும் என்று கட்டட இன்ஜினியர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், அது ஆடித் தள்ளுபடிக்குள் நடக்காதாம். ஆடிக்கு வருகிறவர்கள் மத்தியானம் மூன்றாவது மாடிக்கும் ஏறிப் பார்த்துவிட்டு, கீழே வாசலில் இருக்கிற கருத்துப் புத்தகத்தில் எழுதுங்கள். நாங்கள் சொல்வதைவிட வாங்க வருகிறவர்கள் எழுதினால் சீக்கிரம் நடக்கும்.