மறு: பழைய பாய்ப்படகுகளின் ‘ரெஸ்டோரேஷன்’ — ‘உருமீட்பு’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய மரப் பாய்ப்படகுகளைப் பற்றி எழுதும்போது ‘ரெஸ்டோரேஷன்’ என்பதற்கு எந்தச் சொல்லை ஆள்வது என்று நம் குழுவில் எழுந்த கேள்விக்கு இதுவரை புதுப்பித்தல், சீரமைப்பு, புனரமைப்பு, மீட்டெடுப்பு எல்லாம் வந்துவிட்டன. நான் ‘உருமீட்பு’ என்பதை முன்வைக்கிறேன். காரணம் சொல்வதற்குமுன் பட்டறையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். சொல் அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும்.

ஸ்காட்லாந்தில் ஃபேர்லி என்ற கடலோர ஊரில் ஃபைஃப் குடும்பம் தலைமுறைகளாகப் பாய்ப்படகு கட்டியது. அங்கே 1911இல் கட்டிய மரிகிட்டா, பல ஆண்டுகள் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஆற்றுச் சேற்றில் வீட்டுப்படகாகக் கிடந்துதான் பட்டறைக்கு வந்தது. இப்படி வரும் படகுகளை உப்புத்தண்ணீர் அவ்வளவாகக் கெடுத்திருக்காது. மேல்தளத்து இடுக்குகள் வழியே இறங்கிய மழைத்தண்ணீர்தான் மரத்தை உளுக்க வைத்திருக்கும். இரும்பு ஆணி போட்டிருந்தால் அது துருப்பிடித்து, சுற்றியுள்ள ஓக் மரம் கறுத்துப் பொடிந்திருக்கும். இதெல்லாம் மரத்தை மாற்றினால் தீர்ந்துவிடும்.

மரத்தை மாற்றியும் தீராதது வடிவம். இந்தப் படகுகளுக்கு முன்னும் பின்னும் நீண்டு மெலிந்த முனைகள் உண்டு. நடுப்பகுதியைத் தண்ணீர் தாங்குகிற அளவுக்கு முனைகளைத் தாங்குவதில்லை. அதனால் காலப்போக்கில் அணியமும் (முன்முனை) அமரமும் (பின்முனை) தொங்கிப்போய், ஏரா என்ற அடிமரம் நடுவில் மேலே வளைந்துவிடும். அப்படியே வைத்துப் பலகையை மட்டும் மாற்றினால் அந்த வளைவு புது மரத்தில் நிரந்தரமாகிவிடும். ஆகவே ஓடாவிகள், அதாவது படகு கட்டும் தச்சர்கள், முதலில் படகை நிமிர்த்தி நிறுத்தி, தொங்கிய முனைகளுக்கு முட்டுக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துவார்கள். அவசரப்பட்டால் பலகை பிளந்துவிடும், அதனால் வாரக்கணக்கில் நடக்கிற வேலை இது. வரைபடம் இருந்தால் அதோடு ஒப்பிட்டு அளப்பார்கள்.

வடிவம் பழைய நிலைக்கு வந்தபிறகுதான் மரத்தில் கை வைப்பார்கள். படகின் விலா எலும்பு போன்ற வளைமரம்தான் வங்கு. ஒரு வங்கைக் கழற்றினால் அக்கம்பக்கத்து வங்குகள் அப்படியே இருக்கும். புதியதைப் பொருத்தியபின் அடுத்தது. பலகையும் அப்படித்தான். மொத்தமாகப் பிரித்துவிட்டால் வடிவத்தைப் பிடித்துவைக்க எதுவும் மிஞ்சாது. கடைசியில் பலகை இடுக்குகளில் பஞ்சுத்திரியை வைத்து, உளியும் கொட்டாப்புளியுமாக, தண்ணீர் புகாதபடி கலப்பற்று அடிப்பார்கள். திரி இறுகும்போது அடியின் ஓசை மாறும். போதுமா, இன்னும் அடிக்கணுமா என்பதைக் காது சொல்லும்.

வேலை முடியும்போது மரத்தில் பெரும்பகுதி புதிதாகவே இருக்கலாம். ஆனால் ஃபைஃப் வரைந்த வடிவக் கோடு இடையில் எங்கும் அறுபடவில்லை. பழைய மரம் தாங்கிக்கொண்டிருக்கும்போதே புது மரம் அதை வாங்கிக்கொள்கிறது. இந்தத் தொடர்ச்சிதான் இந்த வேலையின் உயிர். நாம் ஆக்கும் சொல்லில் அது தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது மற்ற சொற்களுக்கு வருகிறேன்.

> புதுப்பித்தல் போதுமே, எல்லோருக்கும் உடனே புரியுமே.

புரியும். ஆனால் புது எஞ்சின் வைத்து, புது அறை கட்டி, பாயை நைலானுக்கு மாற்றினாலும் அது புதுப்பித்தல்தான். ஒரு காலத்தில் பழைய படகு கிடைத்தவர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்தார்கள். 1931இல் ஃபைஃப் கட்டிய அல்டேர் 1985இல் சவுத்தாம்ப்டனில் ஒரு பட்டறைக்கு வந்தபோது வேலை வேறு மாதிரி நடந்தது. பழைய வரைபடங்களையும் படங்களையும் தேடி எடுத்து, கட்டியபோது எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுவர வேண்டும் என்று உழைத்தார்கள். 1987இல் அது திரும்ப இறங்கிய பிறகு அதுவே மற்றவர்களுக்கு அளவுகோல் ஆனது. அந்த இரண்டு வேலைகளுக்கும் ஒரே சொல் என்றால் அந்த மாற்றத்தைத் தமிழில் சொல்லவே முடியாது.

இங்கே முன்பு கல்வெட்டிலிருந்து ‘புதுக்கு’ என்ற வேரை எடுத்துத் தந்த ஐயாவுக்கு நன்றி. கோயில் பழுதுபார்க்க விட்ட நிலத்துக்குப் ‘புதுக்குப்புறம்’ என்று பெயர் இருந்தது அழகான செய்தி. ஆனாலும் அந்த வேரும் புதுமையைத்தான் முன்னால் நிறுத்துகிறது. ‘மீட்டெடுப்பு’ கணினித் துறையில் வேரூன்றிவிட்டது. ‘கப்பல் மீட்பு’ என்றால் மூழ்கிய கப்பலைத் தூக்குவது என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

சரி, உருமீட்பு என்ற சொல்லைச் சிக்கலான படகுகளில் வைத்துச் சோதித்துப் பார்ப்போம்.

முதலாவது அஸ்கார்ட். நார்வேயில் காலின் ஆர்ச்சர் என்ற படகு வடிவமைப்பாளர் 1905இல் கட்டியது. நாவலாசிரியர் எர்ஸ்கின் சில்டர்ஸும் அவர் மனைவி மோலியும் 1914 ஜூலையில் இந்தப் படகில்தான் டப்ளினுக்கு அருகே ஹவுத் துறைமுகத்தில் ‘அயர்லாந்துத் தொண்டர்கள்’ என்ற தேசியவாதப் படைக்குத் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இன்று அது டப்ளினில் அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2007 முதல் பல ஆண்டு வேலை நடந்தது. பழைய மரத்தை முடிந்தமட்டும் காப்பாற்றுவதே நோக்கம், அதற்காக இனி மிதக்க வேண்டாம் என்றே முடிவெடுத்தார்கள். துப்பாக்கி ஏற்றிய அதே மரம் கண்முன் இருக்க வேண்டும் என்பதால் அது சரியான முடிவு. ஆனால் இது உருமீட்பு அல்ல. இதற்குப் ‘பேணல்’ என்ற எளிய சொல்லே போதும்.

அடுத்தது பென் டூயிக். பிரெஞ்சு மாலுமி எரிக் தபார்லியின் படகு. 1898இல் ஃபைஃப் வரைந்து அயர்லாந்தில் கட்டியது. அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்தபோது மரம் உளுத்துவிட்டது. மாற்றப் பணமில்லை. 1958இல் தபார்லி அந்த உளுத்த உடலையே அச்சாக வைத்து, அதன்மேல் கண்ணாடியிழையும் பாலியெஸ்டரும் பூசிப் புது உடல் எடுத்தார். மரம் போயிற்று, ஃபைஃபின் கோடு நின்றது. அந்தப் படகுதான் தபார்லியோடு கடைசிவரை இருந்தது. 1998 ஜூனில், அதன் நூறாவது ஆண்டில், ஸ்காட்லாந்தில் ஃபைஃப் படகுகளின் கூடலுக்குப் போகும் வழியில் வேல்ஸ் கரைக்கு அப்பால் இரவில் கடலில் விழுந்து அவர் இறந்தார். ‘மரம் மாறினால் படகு வேறு’ என்று யாராவது சொன்னால் பென் டூயிக்கைக் காட்டுவேன். பழைய உடலிலிருந்து நேராகப் புது உடலுக்கு உரு கைமாறியிருக்கிறது. பொருள் மாறியது என்ற குறிப்போடு, இதை உருமீட்பு என்றே சொல்வேன்.

மூன்றாவது, 1910இல் அமெரிக்கப் படகு கட்டுநர் ஹெர்ரெஷாஃப் கட்டிய வெஸ்ட்வர்ட். உரிமையாளரின் விருப்பப்படி 1947இல் ஆங்கிலக் கால்வாயில் அதை மூழ்கடித்தார்கள். பழைய வரைபடங்களைக் கொண்டு 2000இல் நெதர்லாந்தில் எலியனோரா பிறந்தது. இவை எஃகு உடல் கொண்டவை என்றாலும் நம் கேள்விக்குப் பொருந்தும். கோடுகள் அவைதான், ஆனால் கைமாற்ற அங்கே பழைய உடலே இல்லை. அதனால் எலியனோரா ‘ஒப்புரு’. மத்தியதரைக்கடல் பந்தயங்களை நெறிப்படுத்தும் சி.ஐ.எம். என்ற அமைப்பின் விதிகளும் 1949 வரை இறங்கியவற்றை ஒரு வகுப்பாகவும் 1975 வரை இறங்கியவற்றை இன்னொரு வகுப்பாகவும் வைத்து, ஒப்புருக்களைத் தனியாகப் பார்க்கின்றன. பந்தயச் செய்தி எழுதுபவருக்கு இந்த வேறுபாடு அன்றாடத் தேவை. 1936இல் கலிஃபோர்னியாவிலிருந்து ஹவாய்க்குப் போகும் டிரான்ஸ்பேக் பந்தயத்தை வென்ற டொரேட் என்ற படகு 2013இல் மறுபடி வென்றது என்று எழுதினால், வென்றது அதே படகுதான் என்று வாசகருக்குத் தெரிய வேண்டும்.

‘உரு’வுக்கு இன்னொரு பலமும் உண்டு. கேரளத்தின் பேப்பூரில் கட்டும் பெரிய மரக்கலத்துக்கு இன்றும் உரு என்றே பெயர். ஆக, உருமீட்பு என்றால் வடிவத்தை மீட்பதும் கலத்தை மீட்பதும் சேர்ந்தே ஒலிக்கிறது. ஏரா, வங்கு, ஓடாவி, கலப்பற்று எல்லாம் கரையின் சொற்களாக இருக்கும்போது இதுவும் அவற்றோடு இயல்பாகச் சேரும். இவை ஏட்டில் மட்டும் கிடக்கும் சொற்கள் அல்ல. இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற கலத்தை அமெரிக்கப் பாய்ப்படகுப் பயணி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கினார். அந்த மரக்கலம் 1938இல் அட்லாண்டிக்கைக் கடந்து மாசச்சூசெட்ஸின் குளோஸ்டர் போய்ச் சேர்ந்தது. அப்படிப்பட்ட கலங்களைக் கட்டிய கரைகளின் மொழி நம்மிடம் இருக்கிறது.

> உருமாற்றம், உருவாக்கம் என்பவற்றோடு குழம்பாதா?

குழம்பாது என்றே நினைக்கிறேன். ‘மீட்பு’ திசையைத் தெளிவாகக் காட்டிவிடுகிறது. வினையாக ‘உருமீட்டார்கள்’, பெயரடையாக ‘உருமீட்ட படகு’, செய்பவருக்கு ‘உருமீட்பாளர்’ என்று எல்லா வடிவிலும் நாக்கில் தடையில்லாமல் வருகிறது. சொல்லிப் பாருங்கள்.

எதிர்ப்பு இல்லையென்றால் நம் கலைச்சொல் பட்டியலில் உருமீட்பு, பேணல், ஒப்புரு மூன்றையும் சேர்த்துவிடலாம். அடுத்ததாக, முனைகள் தொங்கி ஏரா மேலே வளைவதற்கு ஒரு சொல் வேண்டும். நானாக எதையும் ஆக்க விரும்பவில்லை. தூத்துக்குடி, வல்வெட்டித்துறைப் பக்கம் ஓடாவிக் குடும்பங்களோடு பழக்கம் உள்ளவர்கள் அங்கே என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அதையே எடுத்துக்கொள்வோம்.