ஈசிஜியில் பி அலை (இதய மேலறை இயங்கும் அடையாளம்) காணவில்லை என்றால் ஏஎஃப் (மேலறை ஒழுங்கின்றி நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்) தானா?

கொட்டாஞ்சேனை_வாட்டு: 68 வயது ஆண், தலைச்சுற்று. துடிப்பு நிமிடத்துக்கு 42. பன்னிரண்டு லீட்டிலும் பி அலை இல்லை. கியூஆர்எஸ் (கீழறை இயங்கும் அலை) 150 மில்லிசெக்கன், அகலம்தான். மெஷினே ‘ஏஎஃப்’ என்று அடித்திருக்கிறது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து தொடங்கலாம்தானே?

பொரளை_காலிப்பர்: மெஷின் சொல்வதை விடுங்கள். ஒரு கடதாசி ஓரத்தில் ஆர் முனைகளைக் குறித்து, அடுத்தடுத்த துடிப்புக்கு நகர்த்திப் பாருங்கள். எல்லாம் 36 சிறுகட்டம். ஏஎஃப் இப்படி மணிக்கூடு மாதிரி ஓடாது. ஓடினால் கூடவே முழு ஹார்ட் புளொக் (மேலறைச் சைகை கீழறைக்குப் போகாத நிலை) இருக்க வேண்டும், இதய மருந்தான டிகொக்சின் கூடியிருந்தாலும் வரும். வி1இல் நடுங்கும் கோடும் இல்லை. என் கணக்கில் ஜங்ஷனல், அதாவது மேலறையும் கீழறையும் சேரும் இடத்திலிருந்து கிளம்பும் துடிப்பு. சந்தேகமென்றால், மறைந்த பி அலையைத் தேட எலக்ட்ரோட்டுகளை இடம் மாற்றி வைக்கும் லூயிஸ் லீட்: வலக்கை எலக்ட்ரோட் நெஞ்செலும்பின் மேல்துண்டில், இடக்கையினது வலப்பக்கம் நான்காம் விலா இடைவெளியில், நெஞ்செலும்பை ஒட்டி. உயரத்தை 20 மி.மீ. ஆக்கி லீட் 1ஐப் பாருங்கள்.

வெள்ளவத்தை_நெஃப்ரோ: அளந்தது சரி அண்ணை, முடிவுதான் இடிக்கிறது. ஜங்ஷனல் என்றால் கியூஆர்எஸ் ஒடுங்கியிருக்கும். பழைய பண்டில் புளொக் (கீழறைக் கடத்திக் கிளையில் தடை) இருந்தால் வேறு கதை. வி2 முதல் வி4 வரை டி அலை கூடாரம் போல் நிற்கிறதா? என்ன குளிசை எடுக்கிறார்?

கொட்டாஞ்சேனை_வாட்டு: நிற்கிறது. லொசார்டான், ஸ்பைரோனோலாக்டோன். தினமும் செவ்விளநீரும் குடிப்பாராம்.

வெள்ளவத்தை_நெஃப்ரோ: மூன்றுமே பொற்றாசியத்தைக் கூட்டும், கூடார டி அலையும் அதையே காட்டுகிறது. அப்படியானால் லூயிஸ் லீட்டில் மினக்கெட வேண்டாம். பொற்றாசியம் ஏறினால் ஏட்ரிய (மேலறை) தசைதான் முதலில் மௌனமாகும். துடிப்பைத் தொடக்கும் சைனஸ் கணு வேலை செய்துகொண்டே இருக்கலாம். லூயிஸிலும் வெறுங்கோடுதான் வரும், அதைப் பார்த்து ஏஎஃப் என்றே நம்பிவிடுவீர்கள். இரத்த வாயு மெஷினில் பொற்றாசியம் சில நிமிடத்தில் வரும். அதுவரை காத்திராமல், மொனிட்டர் போட்டு 10% கல்சியம் குளுக்கோனேட் 10 மி.லீ. மெதுவாக ஏற்றுங்கள், 5 நிமிடத்தில் மாற்றமில்லையென்றால் மறுபடி.

பொரளை_காலிப்பர்: டிகொக்சின் எடுப்பவரா என்று கேட்காமலேயா? கேட்டுவிட்டு ஏற்றச் சொல்லுங்கள். இன்னொன்று, பொற்றாசியம் ஏறிய நெஞ்சிலும் ஜங்ஷனல் வரும். சாதாரண ஈசிஜியில் அதையும் நீங்கள் சொன்ன சைனஸ் கணுத் துடிப்பையும் பிரிக்க முடியாது.

வெள்ளவத்தை_நெஃப்ரோ: முடியாது, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் பெயருக்காகச் சண்டை பிடிக்கவில்லை.

கொட்டாஞ்சேனை_வாட்டு: டிகொக்சின் இல்லை. பொற்றாசியம் லீட்டருக்கு 7.8 மில்லிமோல். கல்சியம் போனதும் கியூஆர்எஸ் 110க்கு வந்துவிட்டது, பி இன்னும் இல்லை.

வெள்ளவத்தை_நெஃப்ரோ: கல்சியம் பொற்றாசியத்தைக் குறைக்காது. கரையும் இன்சுலின் 10 அலகு, 50% டெக்ஸ்ட்ரோஸ் 50 மி.லீ. ஆறு மணித்தியாலமாவது குளுக்கோஸ் பாருங்கள், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது பிந்தியும் இறங்கும்.

பொரளை_காலிப்பர்: பொற்றாசியம் 5.5க்குக் கீழ் வந்தும் பி வராவிட்டால், அப்போதாவது என் லூயிஸைப் போடுங்கள்.