பல் ஈற்றில் விழும் ‘பாக்கெட்’டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

பெங்களூர் அல்சூரில் நடக்கவிருக்கும் பல் முகாமுக்குத் துண்டறிக்கை எழுதுகிறேன். குடியும் ஈறு நோயும் பற்றியது. படிக்கப்போகிறவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள். ஈறு மட்டும் சிவந்து வீங்கினால் ஈறழற்சி. அது கீழிறங்கிப் பல்லைப் பிடித்திருக்கும் நாரையும் எலும்பையும் அரித்தால் பல்சூழ் அழற்சி. இதுவரை சிக்கலில்லை. இடறுவது ‘பாக்கெட்’ என்ற ஒற்றைச் சொல்லில்தான்.

ஈறு பல்லோடு சேரும் விளிம்பில் எல்லோருக்கும் ஒரு சிறு பள்ளம் உண்டு. மருத்துவர் கோடு போட்ட மெல்லிய கம்பியை விட்டு அளப்பார். 1 முதல் 3 மி.மீ. என்றால் கவலையில்லை. நோய் முற்றினால் ஒட்டு விட்டுப்போய் 4, 5, 6 என்று இறங்கும்; அதுதான் ‘பாக்கெட்’. அங்கே பிரஷ் எட்டாது.

முதலில் ‘ஈற்றுப்பை’ என்று போட்டேன். படித்துப் பார்த்த பக்கத்து வீட்டுத் தாத்தா சீழ்க்கட்டி என்று எடுத்துக்கொண்டார். ‘ஈற்றுக்குழி’ என்றால் சொத்தைதான் நினைவுக்கு வருகிறது. எனவே என் முன்மொழிவு: ஈற்றுமடி. வேட்டி மடியில் சில்லறை செருகிப் பழகியவர்களுக்கு விளக்கமே வேண்டாம். வெளியே தெரியாது, உள்ளே பொருள் தங்கும். ஆழத்துக்கு ‘மடியாழம்’.

> ஈற்றுமடி

ஐயா, இந்த ஊரில் மடி என்றால் ஆச்சாரம்! கன்னடக்காரர்களுக்கும் அதேதான். குடியைப் பற்றிய தாளில் மடியா? ‘ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்’ படித்தவர்கள் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

சொல் இருக்கட்டும், வாக்கியம் எப்படி? ‘குடித்தால் ஈற்றுமடி விழும்’ என்று எழுதிவிடாதீர்கள். குடி கூடக்கூட ஈறு நோயும் கூடக் காணப்படுகிறது என்பது சரி. ஆனால் 2018-இல் வெளியான ஈறு நோய் வகைப்பாட்டில், நோய் வேகமெடுக்கக் காரணமாகச் சேர்த்து எண்ணப்படுபவை புகையும் சர்க்கரை நோயும்தான். குடி அதில் இல்லை.

– ஜெயநகரிலிருந்து

> குடி அதில் இல்லை

உண்மை. ‘மடி ஆழமாவதற்குக் குடி துணைபோகும்’ என்று மாற்றிவிட்டேன். குடி வாயை உலர்த்துகிறது; வயதானவர்கள் சாப்பிடும் பல மாத்திரைகளும் அதையே செய்கின்றன. எச்சில் குறைந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். அதை எதிர்க்கவேண்டிய வெள்ளணுக்களும் குடியால் சோர்ந்துபோகும். ஈரல் கெட்டிருந்தால் ஈற்றிலிருந்து வரும் ரத்தம் சீக்கிரம் நிற்காது.

அளவு சொல்லும் இடத்தில் நம்ம ஊர் ‘நைன்டி’யையே வைத்துக்கொண்டேன். 42.8 சதவீத விஸ்கியில் 90 மில்லி என்றால் சுமார் 30 கிராம் சாராயச் சத்து. 10 கிராமை ஓர் அளவாகக் கொள்ளும் உலக சுகாதார நிறுவனக் கணக்கில் அது மூன்று. ‘ஒண்ணே ஒண்ணுதான் சார்’ என்பவர்களுக்காக அந்த வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். பிராந்தியை வாயில் அடக்கினால் ஈறு இறுகும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு பெட்டி. ஈற்றுக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரை முடிந்து மூன்று நாள் ஆகும்வரை குடி கூடாது என்பதும் அங்கேயே.

ஆச்சார மடி என் வீட்டிலும் உண்டு. ஆனால் முன்னால் ஈறு நிற்கும்போது யாரும் குழம்ப மாட்டார்கள். அதோடு, ‘மடியில் கனமிருந்தால் வழியில் பயம்’ என்ற பழமொழி இலவசமாக வருகிறதே, விடலாமா? பரிசோதனை அட்டையில் ‘மடியாழம் – மி.மீ.’ என்று ஒரு கட்டம் போட்டுவிட்டேன். மறுப்பிருந்தால் அச்சுக்குப் போகுமுன் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.