கிளாமர்: ‘கவர்ச்சி’ வேண்டாம், ‘சொக்கு’ சரிப்படுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒளிப்படத் துறைக்கான தமிழ்க் கலைச்சொற்களில் கிளாமர் (glamour) என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் ‘கவர்ச்சி’ என்று போட்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ‘கவர்’ என்ற வினைமேல் குற்றமில்லை. சினிமாப் பத்திரிகைகள்தான் ‘கவர்ச்சி நடிகை’ என்று எழுதி எழுதி அதை அரைகுறை ஆடையளவுக்குச் சுருக்கிவிட்டன. 1930களில் ஹாலிவுட்டில் ஜார்ஜ் ஹரல் போன்ற ஒளிப்படக்காரர்கள் எடுத்த நட்சத்திரப் படங்களில் வேலை செய்தது ஆடை அல்ல, விளக்கு. அப்புறம் நெகட்டிவிலேயே பென்சிலால் தோலின் புள்ளிகளை மறைக்கும் கைவேலை. இல்லாத வழவழப்பை இருப்பதாகக் காட்டுவது.

சொல் பிறந்த கதையும் அதுவே. கிராமர், அதாவது இலக்கணம், ஸ்காட்லாந்தில் திரிந்து கிளாமர் ஆனது. ரகரம் லகரமாவது நமக்குப் புதிதல்ல. பந்தர், பந்தல் இருக்கிறதே. இடைக்காலத்தில் கிராமர் என்றால் லத்தீன் கல்வி. எழுத்தறியாத ஊரில் லத்தீன் படித்தவன் மந்திரமும் அறிந்தவன் என்று நினைத்தார்கள். பிரெஞ்சில் மந்திர ஏட்டுக்கு வழங்கும் கிரிமுவார் என்ற சொல்லும் இதே வேரில் வந்ததுதான். ஸ்காட்லாந்துக் கவிஞர் ஆலன் ராம்சே 1721இல், பேயோ மந்திரவாதியோ பார்ப்பவர் கண்ணை ஏமாற்றுவதே கிளாமர் என்று பொருள் எழுதினார். நம் கண்கட்டு வித்தையேதான்! பிறகு எழுத்தாளர் வால்டர் ஸ்காட் அதை ஆங்கில வாசகர்களிடையே பரப்பினார். அழகு என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது.

(நம்மிடமும் இலக்கணம், லட்சணம் இரண்டும் ஒரே வேர். ஆனால் அங்கே மந்திரம் இல்லை. அடையாளம் என்ற பொருளிலிருந்து இரண்டும் கிளைத்தன. இதைக் காட்டி ‘லட்சணப்படம்’ என்று யாரும் கிளம்பவேண்டாம்.)

‘கண்கட்டு’ பொருளில் நெருக்கம், ஆனால் அழகு வரவில்லை. ‘எழிற்படம்’ என்று ஒருவர் முன்மொழிந்தார். எழில் விளக்கை அணைத்தாலும் போகாது, கிளாமர் போய்விடும். என் தேர்வு ‘சொக்கு’. மயக்கமும் அழகும் ஒரே சொல்லில் இருக்கின்றன. சொக்கிப்போவது பேச்சிலும் உண்டு, சொக்கநாதர் மதுரையிலேயே இருக்கிறார். சொக்குப்படம், சொக்கொளி என்று தொகையும் எளிதாக அமைகிறது. சொக்குப்பொடி நினைவுக்கு வந்து சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும், ராம்சே சொன்ன பொருளும் அந்தப் பக்கம்தான்.

ஒத்துவராவிட்டால் கிளாமர் என்றே விட்டுவிடலாம். கவர்ச்சி மட்டும் வேண்டாம்.