ஒரு நாள் முழுக்க மியூசியமும் ஆலமரமும் பார்த்தால் உயிரியல் வந்துவிடுமா?

பிளஸ்ஒன் அப்பா: மகள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் அடையாறு ஆலமரத்துக்கும் கூட்டிப்போகிறார்களாம். நீட்டில் 720க்கு 360 மதிப்பெண் உயிரியல்தான். ஒரு நாள் பஸ்ஸிலேயே போனால் பாடத்தை எப்போது முடிப்பது? மூத்தவனும் இப்படித்தான் போனான். செல்ஃபி எடுத்துக்கொண்டு வந்ததுதான் மிச்சம்.

தாவரவியல் டீச்சர்: "தூண் வேர்: ஆலமரம்" என்று என் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அடையாறில் நிற்க வைத்து, "இதில் அடிமரம் எது?" என்று கேட்டேன். ஆளுக்கொரு விழுதைக் காட்டினார்கள். அடிமரம் 1989-லேயே பெருங்காற்றில் சாய்ந்துவிட்டது. ஊன்றிய விழுதுகள் தாமே நீரை உறிஞ்சுவதால்தான் மரம் இன்னும் நிற்கிறது. அதைச் சொன்னதும், வாய் திறக்காத ஒரு பெண், "அப்போ வேர் எது, தண்டு எது மிஸ்?" என்றாள். வகுப்பில் நான் பத்து வருடமாக எதிர்பார்த்த கேள்வி அது.

பிளஸ்ஒன் அப்பா: அதையே ஐந்து நிமிட வீடியோவில் காட்டலாமே?

செஞ்சி வாத்தியார்: எங்கள் ஊரிலிருந்து சென்னைக்குப் பஸ் வாடகை கட்டுப்படியாகாது. செம்பருத்தியைக் கீறி, மகரந்தத்தாள்கள் ஒரே குழாயாகச் சேர்ந்து சூல்தண்டைச் சுற்றி நிற்பதைக் காட்டினேன். மறுநாள் ஒரு பையன் வாசலில் கிடந்த பூவரசம்பூவோடு வந்து, "இதிலும் அதே குழாய் சார்" என்றான். செம்பருத்தியும் பூவரசும் சேர்ந்த மால்வேசி என்ற தாவரக் குடும்பம் அவனுக்கு அப்படித்தான் புரிந்தது. பள்ளித் தோட்டமே போதும் என்பேன்.

தாவரவியல் டீச்சர்: பூவுக்குப் போதும் சார். திமிங்கலத்துக்கு எங்கே போவீர்கள்? எழும்பூரில் அதன் முழு எலும்புக்கூடே இருக்கிறது. அங்கே என் பிள்ளைகளுக்கு ஒரே வேலைதான்: துடுப்பு எலும்பை வரைய வேண்டும், பக்கத்தில் தன் கையை வரைய வேண்டும். வரைந்துகொண்டே ஒருவன் தன் முழங்கையைத் தடவித் தடவிப் பார்த்தான். மேற்கையில் ஓர் எலும்பு, முன்கையில் இரண்டு, அங்கேயும் அதே வரிசை. அமைப்பொத்த உறுப்புகளை, அதாவது வேலை வேறானாலும் அடிப்படை அமைப்பு ஒன்றான உறுப்புகளை, அதற்கப்புறம் நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அப்பா, உங்கள் மூத்த பிள்ளை மேல் தப்பில்லை. கையில் வேலை கொடுக்காமல் கூட்டிப்போன எங்கள் தப்பு.

பிளஸ்ஒன் அப்பா: வேலை கொடுத்துக் கூட்டிப்போனால் சரி. அப்போதும் ஒரு முழு நாள் அதிகம்தான். காலையில் மியூசியம், மதியம் வகுப்பு என்று பள்ளியில் கேட்டுப் பார்க்கிறேன்.

தாவரவியல் டீச்சர்: கேளுங்கள். வெள்ளிக்கிழமை மியூசியத்துக்கு விடுமுறை, அன்றைக்கு வைத்துவிடப் போகிறார்கள்.