பொருள்: கதிர்காம நடை, அன்னதானக் காசு, சாந்தியின் மகன்

சாந்தி (லண்டன்) எழுதியது:

அன்புள்ள ஊரவர்க்கு வணக்கம். செயலாளர் போன கிழமை அனுப்பிய மடல் எல்லோருக்கும் கிடைத்திருக்கும். ஊர் ஆட்கள் இந்த வருடமும் தொண்டைமானாற்றுச் சன்னதி முருகன் கோயிலில் வேல் எடுத்துக்கொண்டு கதிர்காமத்துக்கு நடக்கிறார்கள். சாமான் ஏற்ற ஒரு சின்ன லொறி, காட்டுப்பாதை தொடங்குகிற உகந்தையில் ஒருநாள் அன்னதானம், இரண்டுக்கும் சேர்த்து ஆளுக்கு 50 பவுண்ஸ் கேட்டிருக்கிறார்கள். என் பங்கு போய்விட்டது.

நான் எழுதுவது வேறு விஷயம். மகனும் நடக்கப் போகிறேன் என்று நிற்கிறான். வயது 23. வேலையில் நாலு கிழமைக்கு மேல் லீவு தரமாட்டார்களாம். எங்கேயிருந்து தொடங்குவது என்று என்னைக் கேட்கிறான், எனக்கு என்ன தெரியும்? மாமி மாசியில் ஊருக்குப் போனபோது, நடையைக் கூட்டிக்கொண்டு போகிற பெரியவரைக் கண்டிருக்கிறா. சீனி வருத்தம் (நீரிழிவு) கூடி, இடது காலில் புண்ணாம். துணிக்கட்டோடுதான் ஒழுங்கையில் நடமாடுகிறார் என்று சொல்லி அழுதா. அவரை நம்பித்தானே பிள்ளையை விடப்போகிறேன். தெரிந்தவர்கள் எழுதுங்கோ.

ராசன் (ரொறன்ரோ) எழுதியது:

சாந்தி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தொண்டைமானாற்றில் குளித்து, சன்னதியான் வாசலில் வேலுக்குப் பின்னால் நின்று வெளிக்கிட வேண்டியதுதான். சன்னதியைச் சின்னக் கதிர்காமம் என்று சும்மாவா சொல்கிறார்கள்? அங்கேயும் வாயைத் துணியால் கட்டிச் செய்கிற பூசை, இங்கேயும் வாய்கட்டிப் பூசை. நடுவழியில் ஏறுவதற்கு இது என்ன 750ஆம் நம்பர் பஸ்ஸா?

பக்கத்து ஊர்க்காரர் எல்லாரும் கோயிலடியில் வந்து நின்று பார்ப்பார்கள். எங்கள் ஊர்ப் பெடியன், அதுவும் உன் அப்பாவின் பேரன், மட்டக்களப்பில் வந்து சேர்ந்தான் என்று கதை வந்தால் ஆருக்கு வெட்கம்? லீவு தராவிட்டால் வேலையை விடட்டும், வயது இருக்கிறது. 87இல் உங்கள் வீட்டுக்கு ஆர் அரிசி கொண்டுவந்து தந்தது என்று நான் இப்போது சொல்ல வரவில்லை. பெரியவருக்கு ஒன்றும் இல்லை. பெண்டுகள் எதையும் பெருப்பித்துக் கதைப்பார்கள்.

யோகன் (டோர்ட்முண்ட்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வழி, வேல், வெட்கம் எல்லாம் இருக்கட்டும். போன வருடம் லொறிக்கென்று வாங்கிய காசின் கணக்கு இன்னும் இந்தக் குழுவுக்கு வரவில்லை. லொறி பொத்துவிலோடு திரும்பியது என்று எனக்குத் தகவல். கதிர்காமம் வரைக்கும் வாடகை எழுதப்பட்டிருக்கிறது. காட்டுக்குள்ளால் லொறி போகாது. அப்படியென்றால் வெல்லவாய, திஸ்ஸமகாராமை சுற்றிப் போயிருக்க வேண்டும். போனதா? டீசல் பற்றுச்சீட்டு எங்கே? நான் யாரையும் கள்ளன் என்று சொல்லவில்லை. பற்றுச்சீட்டு என்றுதான் சொல்கிறேன்.

விமலா (மெல்பேண்) எழுதியது:

சாந்தி, பிள்ளையின் கேள்விக்கு ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. நான் நடந்தவள், அதைவிடக் கூடக் காலம் நேர்ஸாக மற்றவர்களுடைய கால்களைப் பார்த்தவள். ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

சன்னதியிலிருந்து முழு நடை ஒன்றரை மாதத்துக்கு மேல். யாழ்ப்பாணம் தொடங்கி மொனராகலை வரைக்கும் ஏழு மாவட்டம். வைகாசியில் வற்றாப்பளை அம்மன், பிறகு கோணேசர், வெருகல் என்று கோயில் கோயிலாகத் தங்கிப் போகிற நடை அது. அழகான நடை. நாலு கிழமை லீவுக்காரனுக்கு அது சரிவராது. ராசன், நீங்கள் வேலையை விட்டுவிட்டு ஒருமுறை நடந்து காட்டுங்கள், பிறகு கதைப்போம்.

அதனால் இப்போது வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் செய்வது என்ன? கொழும்பில் இறங்கி, நேரே பொத்துவிலுக்கு வானில் போய், உகந்தையில் முருகனைக் கும்பிட்டுவிட்டு அடுத்த நாள் விடியக் காட்டுக்குள் இறங்குவது. நாலைந்து நாள்தானே, முக்கியமான பகுதியும் அதுதானே என்று நினைக்கிறார்கள். புதிதாக நடக்கிறவனுக்கு இதைப்போல மோசமான தெரிவு வேறு இல்லை என்பேன்.

காரணம் கால்தான். பழகாத காலில் கொப்பளம் பெரும்பாலும் முதல் நாள் வராது, அடுத்த நாள் வரும். உகந்தையில் தொடங்கினால் அடுத்த நாள் நீ குமுக்கன் ஆற்றடியில் நிற்பாய். அங்கே கடை இல்லை, பஸ் இல்லை, தொலைபேசியை நம்பவும் முடியாது. ஆற்றைத் தாண்டினால் யால வனம். முன்னுக்குப் போனாலும் பின்னுக்குப் போனாலும் நடைதான். நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு என்று தங்குமிடங்கள் இருந்தாலும், இடையில் மணலும் வெட்டையும் வெயிலும். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். யானையும் கரடியும் இருக்கிற காடு, கூட்டத்தை விட்டுப் பின்தங்கவும் கூடாது. நொண்டிக்கொண்டு வருகிற ஒருவனுக்காக முழுக் குழுவும் நின்று நின்று போகும். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளையின் பெயர் இங்கே வேண்டாம்.

நான் சொல்வது மட்டக்களப்பு. மாமாங்கேஸ்வரர் கோயிலில் தொடங்கட்டும். அங்கேயிருந்து பொத்துவில் வரைக்கும் 100 கிலோமீற்றருக்குச் சற்று மேல், கரையோரமாக. விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு ஒன்பது மணிக்கு முன் ஒரு கோயிலில் ஒதுங்கி, பின்னேரம் மிச்சத்தை நடந்தால் ஒரு கிழமையில் ஆறுதலாகப் போகலாம். ஆடியில் அந்தப் பக்கம் கச்சான் காற்று அடிக்கும். அடுப்படிக்குள் நிற்பதுபோல இருக்கும், மத்தியானம் நடக்கவே கூடாது. ஆனால் வழிநெடுக ஊர். குருமண்வெளியில் ஓடம் ஏறி மண்டூர், பிறகு திருக்கோவில், சங்கமன்கண்டிப் பிள்ளையார். வழியில் முஸ்லிம் ஊர்களிலும் மறித்துத் தண்ணீரும் பழமும் தருவார்கள். கதிர்காமத்திலேயே பள்ளிவாசலும் இருக்கிறது, அங்கேயும் கொடி ஏறும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் பெரிய ஆஸ்பத்திரி. கால் ஏலாது என்றால் கையைக் காட்டி பஸ்ஸில் ஏறலாம், இரண்டு நாள் இருந்து ஆறலாம். உகந்தைக்கு வரும்போது தோல் தடித்திருக்கும், எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும். கூட நடக்கிறவர்களில் ஆர் பொறுமைசாலி, ஆர் வாய்க்காரர் என்பதும் தெரிந்துவிடும். காட்டுக்குள் அது சின்ன விஷயமில்லை. அதற்குப் பிறகு காடு பயமில்லை, ஆசையாகவே இருக்கும்.

ராசன், சின்னக் கதிர்காமம் என்று மண்டூரையும் சொல்வார்கள். அங்கேயும் வாய்கட்டிப் பூசைதான். பிள்ளை சன்னதியில் வேலைக் கும்பிட்டுவிட்டு பஸ்ஸில் மாமாங்கத்துக்குப் போகட்டும். ஒருவருக்கும் வெட்கமில்லை.

விமான ரிக்கற்றை இப்போதே எடுத்துவிடாதே. காட்டுப்பாதை திறக்கிற நாளும் மூடுகிற நாளும் வருடாவருடம் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) நடக்கிற கூட்டத்தில்தான் முடிவாகும். கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டிக் கொஞ்ச நாள்தான் திறந்திருக்கும். திகதி மாற்றக்கூடிய ரிக்கற் எடு. உகந்தை வாசலில் பெயர் பதிந்துதான் உள்ளே விடுவார்கள்.

புதுச் சப்பாத்து வேண்டாம். தேய்ந்து காலுக்குப் பழகிய செருப்பு ஒன்று. வெறுங்காலில் நடக்கத்தான் வேண்டும் என்றால் விடியப்புறம் மட்டும் நடக்கட்டும், தார் சுட்டால் போடட்டும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனிப் பைக்கற்றும் நோவுக்குப் பூசுகிற சித்தாலேபையும் அங்கேயே பார்மசியில் வாங்கலாம், லண்டனிலிருந்து பெட்டி கட்டி அனுப்பாதே.

கடைசியாகப் பெரியவர். மாமி பெருப்பித்துச் சொல்லவில்லை. சீனிக்காரருக்குக் காலில் புண் என்றால், நோவே தெரியாமல் உள்ளே அழுகும். அந்தக் காலோடு மணலில் நடந்தால் விரல் போகும், சில வேளை காலே போகும். அவர் இந்த முறை உகந்தை வரைக்கும் லொறியில் வரட்டும், வேலாயுதத்தை வேறு ஒருவர் தூக்கட்டும். நான் சொன்னால் கேட்கமாட்டார். மச்சான்காரன் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும், ராசன்.

குஞ்சன் (பாரிஸ்) எழுதியது:

விமலாக்கா எழுதியதை வாசிக்க எங்கள் அப்பாச்சியின் ஞாபகம் வந்துவிட்டது. பொரிவிளாங்காயும் பனங்கட்டியும் ஓலைப்பெட்டியில் கட்டிக்கொண்டு போனவ. காட்டுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, சின்னப்பிள்ளையும் சாமிதான், கிழவனும் சாமிதான் என்பா. பிறகு சண்டை வந்து நடை நின்று, 88இல் திரும்பத் தொடங்கியது என்று கேள்விப்பட்டபோது அவ இல்லை. கதிர்காமத்தில் திரைக்கு முன்னால் நின்று கும்பிட்டதை, உள்ளே என்ன இருக்கிறது என்று தான் ஒருநாளும் யோசித்ததில்லை என்று சொன்னது இன்னும் காதுக்குள் நிற்கிறது.

அந்த ஓலைப்பெட்டி கடைசியாக வாசிகசாலைக் காணி வீட்டில்தான் இருந்தது. வேலியை உள்ளே தள்ளிப் போட்டவர்களிடம்தான் கேட்க வேண்டும். அவர்களும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள், வாசிப்பார்கள்.

ராசன் (ரொறன்ரோ) எழுதியது:

குஞ்சன், வேலிக் கதையை இதற்குள் கொண்டுவர வேண்டாம். நில அளவைக்காரர் வந்து கல்லுப் போட்டது ஊருக்கே தெரியும்.

விமலா, பெரியவருக்கு இரவு போன் எடுத்தேன். முதலில் ஏசினார். வேலாயுதத்தை ஆரிடம் கொடுப்பது என்றுதான் அவருக்குக் கவலை. மணியத்தின் மூத்தவனிடம் கொடுக்கலாம் என்றேன், அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. லொறியில் முன் சீற் தரவேண்டும், சாமானோடு பின்னால் இருக்கமாட்டாராம். மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலைக் காட்டச் சொன்னேன், ஓட்டோவுக்கும் மருந்துக்கும் காசு வேண்டுமாம். பெடியன் எங்கே தொடங்கினாலும் சரி, சன்னதியில் வேலோடு ஒரு படம் எடுத்து இந்தக் குழுவுக்கு அனுப்ப வேண்டும்.

சாந்தி (லண்டன்) எழுதியது:

நன்றி விமலாக்கா. மகனுக்கு வாசித்துக் காட்டினேன். மாமாங்கம் என்று முடிவு. காட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று முகத்தை நீட்டினான், கொப்பளக் கதையோடு அடங்கிவிட்டான். இப்போது ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து நடந்து வீட்டுக்கு வருகிறான். பெரியவரின் மருந்துச் செலவுக்கு நானும் தருகிறேன், ஆரிடம் அனுப்புவது?

யோகன் (டோர்ட்முண்ட்) எழுதியது:

மருத்துவச் செலவைத் தனித் தலைப்பில் போடுங்கள், அன்னதானக் காசோடு கலக்க வேண்டாம். என்னுடைய 50 யூரோ அதற்கு, லொறிக்கு அல்ல. லொறிக்கு, போன வருடத்து டீசல் பற்றுச்சீட்டு வந்த பிறகு.