ஹோமோஃபிலிக்குத் தமிழ்: ‘ஒத்தோர் சேர்வு’

குழுவினருக்கு வணக்கம். ஏதோ ஒரு வகையில் ஒத்தவர்கள் தங்களுக்குள்ளேயே அதிகம் தொடர்பில் இருப்பதைச் சமூகவியலில் ‘ஹோமோஃபிலி’ என்பார்கள். அதற்கான தமிழ்ச்சொல்லாகக் குழுவில் ஒருவர் முன்வைத்தது இது:

> ஹோமோஃபிலி = இனச்சேர்வு. ‘இனம் இனத்தோடு சேரும்’ என்று பழமொழியே இருக்கிறதே!

பழமொழி பொருத்தம்தான், ஐயா. 2001இல் சமூகவியலாளர் மெக்பெர்சனும் இன்னும் இருவரும் இதைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர்’ என்றுதான் தொடங்குகிறது. ‘பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர் ஃப்ளாக் டுகெதர்’ (ஒன்றாகக் கூடும்) என்ற ஆங்கிலப் பழமொழியின் முன்பாதி அது. அந்த ‘எ’ இங்கே ‘ஒரே’ என்று பொருள்படும் பழைய வழக்கு: ஒரே வகை இறகுள்ள பறவைகள். 1545இல் ஆங்கில எழுத்தாளர் வில்லியம் டர்னர் எழுதியதிலேயே, ஒரே இனமும் நிறமும் கொண்ட பறவைகள் ஒன்றாகப் பறக்கும் என்று வருகிறது. இன்றைய ஆங்கிலப் பேச்சில் பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும், பல நேரம் குத்தலாகச் சொல்வார்கள். நம்முடைய ‘ஒரே குட்டையில் ஊறிய மட்டை’ முழுக்கவே வசவு. மூதுரையில்தான் இரண்டு பக்கமும் இருக்கிறது: தாமரைக் குளத்து அன்னமும் சுடுகாட்டுக் காக்கையும். கலைச்சொல்லுக்கு அந்த நடுநிலை வேண்டும்.

‘இனச்சேர்வு’ வேண்டாம். ‘இனச்சேர்க்கை’ விலங்கியலில் வேறு பொருளில் ஊன்றிவிட்டது. படிக்கிற மாணவர் ஒரு நொடி தடுமாறுவார். வயது, படிப்பு, தொழில், கருத்து எது ஒத்திருந்தாலும் இந்தச் சொல் தாங்க வேண்டும். ‘இனம்’ அதைச் சுருக்கிவிடுகிறது.

அப்புறம், குழுவில் வந்த இன்னொரு பரிந்துரை, ‘ஒப்பார் நாட்டம்’. காதில் ஒப்பாரி விழுகிறது என்பது ஒருபக்கம் இருக்கட்டும். ‘பிலியா’ என்றால் கிரேக்கத்தில் அன்பு, அதனால் நாட்டம் என்று சொல்கிறீர்கள். ஆனால் துறையில் அந்தச் சொல் விருப்பத்தை மட்டும் குறிப்பதில்லை. எங்கள் மதுரையில் தெற்காவணி மூல வீதியைப் பாருங்கள், வரிசையாக நகைக்கடைகள். காலையில் கடை திறந்ததும் சில்லறை மாற்றப் பையன் ஓடுவது பக்கத்து நகைக்கடைக்கு. நகைப்பெட்டி தீர்ந்தால் கைமாற்றாக வாங்குவதும் அங்கேதான். முதலாளியின் போனில் முக்கால்வாசிப் பெயர்கள் அதே தொழில்காரர்கள். நகைக்கடைக்காரர்தான் நண்பராக வேண்டும் என்று அவர் தேடிப் போகவில்லை. இருக்கிற இடம் சேர்த்துவைத்தது. அந்த 2001 கட்டுரையும் இடத்தைத்தான் அடிப்படைக் காரணமாக முன்வைக்கிறது. இதை ‘நாட்டம்’ என்று எழுதினால், சமூக அமைப்பு செய்கிற வேலையை ஆளின் மனசு மேல் போட்டதாகிவிடும். சாதிவாரியாகப் பிரிந்த தெருக்களைப் பற்றி எழுதும்போது அது பெரிய பிழை.

அதனால் ‘ஒத்தோர் சேர்வு’. விரும்பிச் சேர்ந்தாலும் சேர்க்கப்பட்டாலும் ‘சேர்வு’ இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. சமூகவியலாளர்கள் லாசர்ஸ்ஃபெல்டும் மெர்ட்டனும் 1954இல் பிரித்த இரண்டு வகைக்கும் சிரமமில்லாமல் பொருந்தும்: நிலைவழி ஒத்தோர் சேர்வு (வயது, படிப்பு, தொழில் போன்றவை ஒத்தவர்கள்), விழுமியவழி ஒத்தோர் சேர்வு (கருத்தும் மதிப்பீடும் ஒத்தவர்கள்). எதிர்ச்சொல் ‘வேற்றோர் சேர்வு’.

காரணத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில், தேடிச் சேர்வதை ‘விருப்புவழி’ என்றும், சூழல் சேர்த்துவைப்பதை ‘இருப்புவழி’ என்றும் முன்னொட்டாக வைக்கலாம். ‘இருப்பு’ கடைச் சரக்கை நினைவூட்டுகிறது என்றால் ‘சூழல்வழி’யும் எனக்குச் சம்மதமே. இந்த ஒன்றில் மட்டும் உங்கள் கருத்து வேண்டும்.